செயற்கைக்கோள் படத்தில் புகையும் தூசியும் கண்ணில் தவறும்போது: அறிகுறிகளைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

காற்றில் மிதந்து செல்லும் புகையையும் தூசியையும் செயற்கைக்கோள் படங்களில் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு ஒரே வகையான தடங்கல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. நேற்று மாலை தெளிவாகத் தெரிந்த படலம் இன்று நண்பகலில் இல்லை. தூசி இருக்க வேண்டிய இடத்தில் நிறம் மாறவில்லை. வரைபடம் உச்ச அளவைக் காட்டும் நேரத்தில் தரையில் உள்ள கருவி காற்று தூயது என்கிறது. இவற்றில் பெரும்பாலானவை வானில் நிகழ்ந்த மாற்றங்கள் அல்ல. பார்த்த நேரமும், எடுத்துக்கொண்ட அலைவரிசையும் (கருவி பதிவுசெய்யும் ஒளியின் அலைநீளப் பகுதி), திறந்து வைத்த அடுக்கும் (தளத்தில் தேர்ந்தெடுக்கும் பட வகை) தேடும் பொருளுக்குப் பொருந்தாமல் இருப்பதே காரணம். ஆகவே படலம் போய்விட்டது என்ற முடிவை எல்லாச் சோதனைகளுக்கும் பிறகே எடுக்க வேண்டும்.

கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் உடனே பார்த்துத் தெளியக்கூடிய காரணம் முதலிலும், தரவைப் பதிவிறக்கிக் கணக்கிட வேண்டிய காரணம் பின்னரும், வல்லுநரிடம் ஒப்படைக்க வேண்டிய நிலை இறுதியிலும் வருகின்றன. எந்த அறிகுறியாக இருந்தாலும் தொடங்கும் முன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: படம் எடுக்கப்பட்ட நேரம் உலகப் பொது நேரத்தில் (UTC) எவ்வளவு, எந்தச் செயற்கைக்கோள், திரையில் இருக்கும் அடுக்கின் முழுப் பெயர் என்ன. பெரும்பாலான தளங்கள் தேதியையும் நேரத்தையும் உலகப் பொது நேரத்திலேயே தருகின்றன. அதை உள்ளூர் நேரமாக எண்ணிக்கொண்டு தேடினால், இல்லாத படலத்தைத் தேடுவதில் ஒரு முழு நாள் வீணாகும்.

## அறிகுறி 1: பகல் படத்தில் புகை தெரியவில்லை

### அடுக்கு சரியானதா?

முதலில் பார்க்க வேண்டியது அடுக்கின் பெயர். நிலப்பரப்பை ஆராய்வோருக்காகத் தயாரிக்கப்படும் 'தரைப் பிரதிபலிப்பு' அடுக்குகளில் வளிமண்டலத்தின் தாக்கம் கணக்கிட்டு நீக்கப்பட்டிருக்கும்; அந்தத் திருத்தத்தில் மெல்லிய புகையும் சேர்ந்தே நீங்கிவிடும். சென்டினல்-2 படங்களில் எல்2ஏ என்ற நிலைக்குப் பதிலாக எல்1சி என்ற நிலையை எடுத்தால், நீக்கப்பட்ட மங்கல் மீண்டும் தெரியும். எட்டு நாள் தொகுப்புப் படங்களும் இப்படித்தான். அவை மிகத் தெளிவான படப்புள்ளிகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பவை என்பதால், புகையைத் தேடுபவருக்கு அவற்றால் பயன் இல்லை. நாசாவின் வேர்ல்டுவியூ தளத்தில் 'திருத்தப்பட்ட பிரதிபலிப்பு, உண்மை நிறம்' என்ற பொருள் தரும் அடுக்கே இதற்கு உகந்தது.

### நேரம் சரியானதா?

அடுக்கு சரியாக இருந்தால் நேரத்தைப் பாருங்கள். செயற்கைக்கோள் ஏறத்தாழச் சூரியன் இருக்கும் திசையை நோக்கிப் பார்க்கும் கோணத்தில் புகை பளிச்சென்று தெரியும். சூரியன் அதற்குப் பின்புறம் இருக்கும்போது அதே புகை வெளிறி, நிலத்தோடு கலந்துவிடும். வட அமெரிக்காவில் காலை நேரப் புகை மேற்கில் நிற்கும் அமெரிக்காவின் கோஸ்-18 செயற்கைக்கோளிலும், மாலை நேரப் புகை கிழக்கில் நிற்கும் கோஸ் செயற்கைக்கோளிலும் தெளிவாகத் தெரிவது இதனால்தான். நண்பகலில் காணாமல் போன படலத்தைக் கதிரவன் தாழ்ந்திருக்கும் நேரத்துப் படங்களில் தேடுங்கள். அங்கே அது இருந்தால், நடுவிலும் இருந்தது என்று கொள்ளலாம்.

இந்தச் சோதனையை ஒற்றைப் படத்தில் செய்யாமல் அசைபடத்தில் செய்யுமாறு வலியுறுத்துவேன். ஜப்பானின் ஹிமாவாரி-9, கோஸ் ஆகியவை தங்கள் முழு வட்டத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கின்றன. நிலையான படத்தில் கண்ணுக்குத் தப்பும் மெல்லிய படலம், படங்கள் அடுத்தடுத்து ஓடும்போது நகர்வதால் பிடிபடும். நிலம் நகராது, மங்கல் நகரும்.

### பின்னணியும் அலைவரிசையும்

வெளிறிய பாலைநிலத்தின் மேல் மெல்லிய புகையைப் பிரித்தறிவது கடினம். இருண்ட கடலின் மேலும் அடர்காட்டின் மேலும் எளிது. வண்ணப்படத்தை விட்டுவிட்டு 0.47 மைக்ரோமீட்டர் நீல அலைவரிசையை மட்டும் எடுத்து, அதன் ஒளி மாறுபாட்டைக் கூட்டிப் பாருங்கள். புகையின் நுண்துகள்கள் நீல ஒளியையே மிகுதியாகச் சிதறடிக்கின்றன. இன்சாட்-3டி வரிசையின் படக்கருவியில் நீல அலைவரிசை இல்லை. ஒரேயொரு கட்புலன் அலைவரிசையே உண்டு. அதில் மெல்லிய புகை தெரியவில்லை என்றால் அது பெரும்பாலும் கருவியின் வரம்பு. அதை வைத்துப் புகை இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

### இடைவெளியா, மேகமா, கரைந்ததா?

துருவச் செயற்கைக்கோள் (துருவங்களின் மேலாகப் புவியைச் சுற்றுவது) படத்தில் தேடுகிறீர்கள் என்றால், அத்தகைய செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் பார்வைப் பட்டை 2,330 கிலோமீட்டர் அகலமே கொண்டது என்பதையும், நிலநடுக்கோட்டருகே அடுத்தடுத்த பட்டைகளுக்கிடையே இடைவெளி விழும் என்பதையும் நினைவில் வையுங்கள். விர்ஸ் கருவியின் பட்டை சுமார் 3,000 கிலோமீட்டர். அதில் அந்த இடைவெளி இல்லை.

மேகத்துக்கு மேலே புகை இருப்பதாக ஐயம் எழுந்தால் சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி கருவி தரும் புற ஊதா ஏரோசால் (காற்றில் மிதக்கும் நுண்துகள்) குறியீட்டைத் திறக்கவும். ஒளியை உறிஞ்சும் துகள்கள் மேகத்தின் மேலே இருந்தாலும் அது காட்டும். மேகத்துக்குக் கீழே இருந்தால் காட்டாது. எல்லாவற்றையும் பார்த்த பின்னும் தெரியவில்லை என்றால் அதே கருவியின் கார்பன் மோனாக்சைடு வரைபடத்தைப் பாருங்கள். மழை துகள்களைக் கழுவிவிட்டாலும் அந்த வாயு வாரக் கணக்கில் தங்கும். வாயு இருந்து துகள் இல்லை என்றால், புகை உண்மையிலேயே கழுவப்பட்டது என்று எழுதலாம்.

## அறிகுறி 2: இருட்டியதும் படலம் மறைந்துவிடுகிறது

இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. தேடுவது புகையா, தூசியா என்பதே முதல் கேள்வி.

### புகை என்றால்

புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. வெப்ப அகச்சிவப்புக் கதிர் அவற்றைத் தடையின்றிக் கடந்துவிடும். எனவே இரவின் அகச்சிவப்புப் படத்தில் புகை தெரியாதது இயல்பு. அங்கே பிழை எதுவும் இல்லை. ஜியோகலர் போன்ற படங்கள் இரவில் நகர விளக்குகளின் பழைய படத்தைப் பின்னணியாக வைத்து, மேகங்களை மட்டும் அகச்சிவப்பிலிருந்து எடுத்து மேலே வரைகின்றன. அவற்றில் தெரியும் தெளிவான வானத்தை நம்ப வேண்டாம்.

இரவில் செய்யக்கூடியவை மூன்று. 3.9 மைக்ரோமீட்டர் அலைவரிசையில் தீ இன்னும் எரிகிறதா என்று பார்க்கலாம். முழுநிலவை ஒட்டிய நாட்களில் விர்ஸ் கருவியின் பகலிரவு அலைவரிசையைத் திறந்தால், நிலவொளியில் புகையே தெரியும். நிலவு இல்லாத நாட்களில், மாலையின் கடைசிப் படத்தில் படலத்தின் விளிம்பைக் குறித்துக்கொண்டு, காற்றுத் தரவைக் கொண்டு அதை இரவு முழுவதும் நகர்த்தி, காலையின் முதல் படத்தோடு ஒப்பிட வேண்டும்.

### தூசி என்றால்

தூசித் துகள்கள் பெரியவை. வெப்ப அகச்சிவப்பில் அவை தடம் பதிக்கும். ஆகவே இரவிலும் தூசி தெரிந்தாக வேண்டும். தெரியவில்லை என்றால் அறிகுறி 4-க்குச் செல்லவும்.

## அறிகுறி 3: புகையா, மேகமா, மூடுபனியா என்று பிரிக்க முடியவில்லை

எளிய சோதனை கண்ணாலேயே செய்வது. மேகத்துக்கு மேடுபள்ளமான மேற்பரப்பு உண்டு. சூரியன் தாழ்ந்திருக்கும்போது அது நிழலையும் வீழ்த்தும். புகை வழவழப்பாக, விளிம்பு கரைந்து, சாம்பல் அல்லது பழுப்பு கலந்த நிறத்தில் இருக்கும். தீயின் அருகே அது கூர்மையாகத் தொடங்கிக் காற்றின் போக்கில் அகன்று செல்லும். மூடுபனி பள்ளத்தாக்கின் வடிவத்தை ஒட்டிப் படுத்திருக்கும். வெயில் ஏறியதும் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கரையும். புகை அப்படிக் கரைவதில்லை, இடம் மாறும். இரண்டு மணி நேர அசைபடம் ஒன்றே இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றை முடித்துவைக்கும்.

அதில் தீரவில்லை என்றால் 2.2 மைக்ரோமீட்டர் அலைவரிசையை எடுங்கள். ஹிமாவாரியில் அது 2.3 என்று குறிக்கப்பட்டிருக்கும். புகை இந்த அலைவரிசையில் ஏறக்குறைய மறைந்துவிடும், கீழே இருக்கும் நிலம் தெரியும், நீர்த்துளி மேகம் மறையாது, தூசியும் மறையாது. உண்மை நிறத்தில் வெண்மையாகவும் 2.2-இல் நிலமாகவும் தெரியும் ஓர் இடத்தைப் புகை என்று துணிந்து குறிக்கலாம். எனக்குத் தெரிந்தவரை, கைவசம் உள்ள சோதனைகளில் மிகக் குறைந்த உழைப்பில் மிக உறுதியான விடையைத் தருவது இதுவே. புகையைக் கவனிக்கத் தொடங்கும் எவரும் வண்ணக் கலவைகளைக் கற்பதற்கு முன் இதைப் பழக வேண்டும்.

மெல்லிய கீற்றுமேகம் மட்டும் கொஞ்சம் தொல்லை தரும். கோஸ், விர்ஸ், மோடிஸ் ஆகியவற்றில் உள்ள 1.38 மைக்ரோமீட்டர் அலைவரிசை இதற்கென்றே அமைந்தது. கீழ் வளிமண்டலத்தின் நீராவி அங்கே எல்லாவற்றையும் மறைத்துவிட, உயரத்தில் இருக்கும் கீற்றுமேகம் மட்டும் ஒளிரும். இந்த அலைவரிசை ஹிமாவாரியில் இல்லை, அங்கே 10.4 மைக்ரோமீட்டர் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். படலத்துக்குக் கீழே தரையின் வெப்பம் அப்படியே தெரிந்தால் புகை. சுற்றியுள்ள இடத்தைவிடக் குளிர்ந்து தெரிந்தால் கீற்றுமேகம்.

ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது. கடுந்தீயின் மேல் எழும் தீமேகத்தில் புகையும் பனித்துகள்களும் கலந்திருக்கும். அதன் தலைப்பகுதி எல்லாச் சோதனையிலும் மேகம் என்றே விடை தரும். 2019-20 ஆஸ்திரேலியக் காட்டுத்தீயில் இத்தகைய மேகங்கள் புகையை ஸ்ட்ரேட்டோஸ்பியர் அடுக்கு வரை ஏற்றின. அந்தப் புகை தென் பசிபிக்கைக் கடந்து தென் அமெரிக்காவுக்கே சென்றது. புகைத்தாரை திடீரென்று குளிர்ந்த வெண்மையான கோபுரமாக மாறினால், அடுத்த நாள் அதைத் தேட வேண்டிய உயரமும் திசையும் மாறிவிட்டன என்று பொருள். அந்தக் கட்டத்தில் வானிலை மையத்தின் ஆய்வாளரிடம் ஒப்படைப்பதே முறை. அந்த மேகத்தின் கீழ் வீசும் காற்றுத் தீயணைப்பவர்களுக்கே ஆபத்தானது.

## அறிகுறி 4: தூசி வண்ணப்படம் தவறாகக் காட்டுகிறது

தூசிக்கான வண்ணக் கலவை மூன்று உறுப்புகளால் ஆனது: 12.0 மைக்ரோமீட்டர் அலைவரிசைக்கும் 10.8-க்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு சிவப்பு, 10.8-க்கும் 8.7-க்கும் உள்ள வேறுபாடு பச்சை, 10.8-இன் வெப்பநிலை நீலம். தூசி இதில் செவ்வூதா அல்லது இளஞ்சிவப்பாகத் தெரியும். தடித்த உயர்மேகம் செம்பழுப்பாகவும் மெல்லிய கீற்றுமேகம் ஏறக்குறையக் கருமையாகவும் இருக்கும்.

### தூசி இருந்தும் இளஞ்சிவப்பு வரவில்லை

கலவையை நீங்களே உருவாக்குகிறீர்கள் என்றால் வரம்புகளைச் சரிபாருங்கள். ஐரோப்பாவின் மீட்டியோசாட் செயற்கைக்கோளில் உள்ள செவிரி கருவிக்கு வகுத்த வரம்புகள் சிவப்புக்கு -4 முதல் 2 கெல்வின், பச்சைக்கு 0 முதல் 15 கெல்வின், நீலத்துக்கு 261 முதல் 289 கெல்வின். பச்சைக்கு காமா (நடுத்தர ஒளிர்வைச் சரிசெய்யும் எண்) 2.5. கோஸ், ஹிமாவாரி ஆகியவற்றின் அலைவரிசைகள் சற்றே விலகி அமைந்தவை. இதே எண்களை அங்கே அப்படியே இட்டால் நிறம் பிசகும். கழித்தலின் வரிசையை மாற்றிவிடுவதும் அடிக்கடி நேர்கிறது: சிவப்பில் 12-இலிருந்து 10.8-ஐக் கழிக்க வேண்டும், மறுபுறமாக அல்ல. இன்சாட்-3டி வரிசைப் படக்கருவியில் 8.7 மைக்ரோமீட்டர் அலைவரிசையே கிடையாது. அதில் இந்தக் கலவையை முழுமையாக உருவாக்க முயல்வது வீண் வேலை. அதே பகுதியை இந்தியப் பெருங்கடலின் மேல் நிறுத்தப்பட்டுள்ள மீட்டியோசாட் தரவிலிருந்து பார்க்கலாம். அல்லது இன்சாட்டின் இரண்டு வெப்ப அலைவரிசைகளின் வேறுபாட்டை மட்டும் கொண்டு பார்க்கலாம்.

வரம்புகள் சரி என்றால் அடுத்த ஐயம் ஈரம். காற்றில் நீராவி மிகுந்தால் அது 10.8-க்கும் 12-க்கும் இடையே தூசிக்கு நேரெதிரான வேறுபாட்டை உண்டாக்கி, தூசியின் தடத்தை அழித்துவிடும். பாலைநிலத்தில் பளிச்சென்று தெரிந்த படலம் ஈரமான கடற்காற்றுக்குள் நுழைந்ததும் நிறமிழப்பது இதனால்தான். இந்த நிலையில் பகலில் உண்மை நிறப்படத்துக்கும் புற ஊதாக் குறியீட்டுக்கும் மாறிக்கொள்ளுங்கள். 2020 ஜூனில் சகாராவிலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து கரீபியன் வரை சென்ற பெரும்படலத்தைப் போன்ற ஒன்றைப் பின்தொடர, கடலின் மேல் கட்புலன் படமும் நிலத்தின் மேல் தூசிக் கலவையும் என இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது காரணம் உயரம். தரையை ஒட்டிப் புரளும் தூசியின் வெப்பநிலை தரையின் வெப்பநிலையோடு ஒத்துப்போனால் வேறுபாடு தெரியாது. பகலில் தரை சுடுவதால் தூசி பிரிந்து தெரியும். பின்னிரவில் தரை குளிர்ந்து, தூசிப்படலம் அதைவிடச் சூடாகிவிட்டால் தடம் மங்கும், சில வேளை தலைகீழாகும். இத்தகைய இரவில் வானிலை நிலையங்கள் அனுப்பும் பார்வைத்தொலைவு அறிக்கைகளே நம்பத்தக்கவை.

இடிமழை மேகத்திலிருந்து இறங்கும் காற்று எழுப்பும் புழுதிச்சுவரில் இன்னொரு தடையும் உண்டு. அதன் மேலேயே தடித்த மேகம் விரிந்திருப்பதால் எந்தச் செயற்கைக்கோளும் அதைப் பார்க்க முடியாது. மேகத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே வரும் வில் வடிவ முனைக்காகக் காத்திருக்க வேண்டும். எச்சரிக்கை தேவைப்படும் இடமாக இருந்தால் காத்திருக்காமல் வானிலைத் துறையின் ரேடாரை நம்புங்கள்.

### எங்கு பார்த்தாலும் இளஞ்சிவப்பு

முந்தைய நாள் அதே நேரத்துப் படத்தை அருகில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே வடிவில் நிறம் இருந்தால் அது தரையின் இயல்பு. சில வகைப் பாறைநிலங்கள் நிலையாகவே அப்படித் தெரியும். இரவில் தெளிந்த, வறண்ட வானத்தின் கீழ் தரை மிகக் குளிரும்போதும் போலி இளஞ்சிவப்பு தோன்றும். வட்டப் படத்தின் விளிம்பை ஒட்டிய பகுதிகளில் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அருகில் எரிமலை இருந்தால் வழி முற்றிலும் மாறுகிறது. எரிமலைச் சாம்பலும் இதே வெப்பநிலை வேறுபாட்டைக் காட்டும். உலகில் எரிமலைச் சாம்பல் எச்சரிக்கைக்கென ஒன்பது மையங்கள் உள்ளன. தூசியா சாம்பலா என்ற ஐயம் எழுந்த உடனே அந்தப் பகுதிக்குரிய மையத்தின் அறிவிப்பைத் திறந்து பார்க்க வேண்டும். விமானப் பாதை தொடர்பான எதையும் தனியொருவர் படம் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

## அறிகுறி 5: கடலின் மேல் வெளிறிய திட்டு

சூரிய ஒளி நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் மினுக்கம் தூசியைப் போலவே தோன்றும். புவிநிலைச் செயற்கைக்கோள் (நிலநடுக்கோட்டின் ஒரே இடத்துக்கு மேல் நிற்பது) படத்தில் இந்தத் திட்டு பகல் முழுவதும் சூரியனைத் தொடர்ந்து கிழக்கிலிருந்து மேற்காக நகரும். காற்று எத்திசையில் வீசினாலும் அதன் பாதை மாறாது. துருவச் செயற்கைக்கோள் படத்தில் பட்டையின் நீளவாக்கில் ஒரு வெண்கீற்றாக, ஒவ்வொரு பட்டையிலும் ஒரே இடத்தில் வரும். புற ஊதாக் குறியீட்டிலும் மினுக்கம் போலி உயர்வைத் தரக்கூடும் என்பதால் அதை மட்டும் சான்றாகக் கொள்ள வேண்டாம். மினுக்கம் விலகிய வேறொரு நேரத்துப் படத்தில் அதே திட்டு இருந்தால் மட்டுமே தூசி என்று குறிக்கவும்.

## அறிகுறி 6: ஒளித்தடிமன் வரைபடத்தில் படலத்தின் நடுவே ஓட்டை

ஏரோசால் ஒளித்தடிமன் (துகள்கள் ஒளியை எவ்வளவு தடுக்கின்றன என்ற அளவு) வரைபடத்தில், புகை மிக அடர்ந்திருக்க வேண்டிய நடுப்பகுதி வெறுமையாக இருப்பது புதியவர்களைக் குழப்பும் அறிகுறி. அங்கே காற்று தூயது என்று அதற்குப் பொருள் இல்லை. மிக அடர்ந்த புகையை மேகம் என்று எண்ணிக் கணிப்புமுறை அந்தப் படப்புள்ளிகளைத் தள்ளிவிட்டிருக்கும். உண்மை நிறப்படத்தை வரைபடத்தின் கீழே வைத்துப் பாருங்கள். ஓட்டையும் புகையின் அடர்ந்த பகுதியும் ஒன்றோடொன்று பொருந்தினால் ஐயம் தீர்ந்தது.

ஓட்டை தரையின் மேல், வெளிறிய மணற்பரப்பில் இருந்தால் காரணம் வேறு. இருள்நிலத்தை அடிப்படையாகக் கொண்ட மோடிஸ் கணிப்புமுறை அங்கே விடை தராது. பாலைநிலங்களுக்கென வகுத்த 'டீப் ப்ளூ' கணிப்பை எடுக்க வேண்டும். பனி மூடிய தரையிலும் மினுக்கத்திலும் எந்தக் கணிப்பும் வெறுமையாகவே இருக்கும். தரம் குறைந்த படப்புள்ளிகளையும் சேர்த்துப் பார்க்கும் வசதி சில தரவுகளில் உண்டு. வடிவத்தை அறிய அதைப் பயன்படுத்தலாம். சராசரி கணக்கிட ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. சில தளங்கள் ஒவ்வொரு நாளும் வண்ண அளவுகோலை அந்த நாளின் உச்சத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்கின்றன. நேற்றைய சிவப்பும் இன்றைய சிவப்பும் வெவ்வேறு எண்களைக் குறிக்கும்போது படலம் வலுத்தது, மெலிந்தது என்று சொல்ல இயலாது. ஒப்பிடும் முன் அளவுகோலை நிலையாகப் பூட்டிவிடுங்கள்.

## அறிகுறி 7: படமும் தரைக் கருவியும் ஒத்துப்போகவில்லை

### படத்தில் புகை, தரையில் தூய காற்று

பெரும்பாலும் இரண்டுமே உண்மையைத்தான் சொல்கின்றன. செயற்கைக்கோள், தரையிலிருந்து மேலே உள்ள முழுக் காற்றுத்தூணையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிறது. தரைக் கருவி மூக்கின் உயரத்தில் உள்ள காற்றை மட்டும் அளக்கிறது. படலம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் மிதந்தால் வானம் பால்போல் வெளுக்கும், கதிரவன் சிவக்கும், ஆனால் கருவியின் முள் அசையாது. சகாரா தூசி அட்லாண்டிக்கின் மேல் பெரும்பாலும் 1.5 முதல் 6 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் அடுக்காகவே பயணிக்கிறது.

உயரத்தை அறியும் வழிகளில் எளிதானது அசைபடம்: படலம் இரண்டு மணி நேரத்தில் எத்தனை கிலோமீட்டர், எத்திசையில் நகர்ந்தது என்று அளந்து, 850, 700, 500 ஹெக்டோபாஸ்கல் காற்று வரைபடங்களோடு ஒப்பிடுங்கள். இவை முறையே ஏறத்தாழ 1.5, 3, 5.5 கிலோமீட்டர் உயரங்கள். எந்த அடுக்கின் காற்றோடு படலத்தின் நகர்வு ஒத்துப்போகிறதோ அதுவே அதன் உயரம். மூன்று அடுக்கிலும் காற்று ஒரே திசையில் வீசும் நாட்களில் இந்த வழி பயன்படாது. அப்போது லைடார் (லேசர் ஒளியைச் செலுத்தி உயரத்தை அளக்கும் கருவி) தரவு வேண்டும். கலிப்சோ செயற்கைக்கோளின் பதிவுகள் 2006 முதல் 2023 வரையிலான நிகழ்வுகளுக்குக் கிடைக்கும். 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் செயற்கைக்கோள் இப்போது அந்தப் பணியைச் செய்கிறது. இரண்டுமே ஒரு மெல்லிய கோட்டின் கீழ் மட்டும் பார்ப்பவை. அந்தக் கோடு உங்கள் படலத்தை வெட்ட வேண்டும்.

### படத்தில் ஒன்றுமில்லை, தரையில் மோசமான காற்று

காலையில் தரையை ஒட்டிய மெல்லிய அடுக்குக்குள் புகை அடைபட்டுக் கிடந்தால், மொத்தத் தூணில் அதன் பங்கு சிறிது, படத்தில் தெரியாது. புற ஊதாக் குறியீடும் ஒரு கிலோமீட்டருக்குக் கீழே உள்ள படலத்தைக் குறைத்தே காட்டும். மேகமூட்டமான நாளிலும் இதே நிலைதான். இந்த இடத்தில் தயங்காமல் தரைக் கருவியின் பக்கம் நிற்க வேண்டும். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் வெளியே செல்லலாமா என்ற கேள்விக்கு விடை தரும் தகுதி செயற்கைக்கோள் படத்துக்கு இல்லை. அதற்குத் தரை அளவீடும் சுகாதாரத் துறையின் அறிவுரையும் மட்டுமே அடிப்படை. 2023 ஜூன் 7 அன்று கியூபெக் காட்டுத்தீயின் புகை நியூயார்க்கின் வானத்தை ஆரஞ்சு நிறமாக்கியபோது புகை தரை வரை இறங்கியிருந்தது. அதே ஆண்டின் பல நாட்களில் கனடாவின் புகை அமெரிக்காவின் மேல் உயரத்திலேயே கடந்தும் சென்றது. மேலிருந்து பார்க்கும் படத்தில் இந்த இரண்டு வகை நாட்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

## அறிகுறி 8: தீப்புள்ளியும் புகையும் ஒன்றோடொன்று சேரவில்லை

### புகை இருக்கிறது, தீப்புள்ளி இல்லை

தீப்புள்ளி என்பது செயற்கைக்கோள் உணர்ந்த வெப்பத்தை வரைபடத்தில் குறிக்கும் புள்ளி. தீயின் மேல் மேகம் நின்றிருக்கலாம். செயற்கைக்கோள் கடந்த நேரத்தில் தீ அடங்கியிருக்கலாம். புகை முந்தைய நாள் வேறிடத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். விர்ஸ் தீப்புள்ளி 375 மீட்டர் நுணுக்கம் கொண்டது, மோடிஸ் ஒரு கிலோமீட்டர். ஒன்றில் இல்லாத சிறுதீ மற்றொன்றில் இருக்கும் என்பதால் இரண்டு அடுக்கையும் திறந்து வையுங்கள். அறுவடைக்குப் பின் வயலில் வைக்கும் தீ குறுகிய நேரமே எரியும். அது நண்பகல் கடப்புக்குப் பிறகு மூட்டப்பட்டால் துருவச் செயற்கைக்கோள்கள் அதைத் தவறவிடும். புவிநிலைப் படத்தின் 3.9 மைக்ரோமீட்டர் அலைவரிசையை மாலை வரை ஓட்டிப் பாருங்கள்.

### தீப்புள்ளி இருக்கிறது, புகை இல்லை

ஆலைகள், எரிவாயு எரிப்புக் குழாய்கள், ஒளி தெறிக்கும் கூரைகள் ஆகியவை போலிப் புள்ளிகளைத் தரும். பல மாதங்களாக அதே இடத்தில் புள்ளி வந்துகொண்டே இருந்தால் அது காட்டுத்தீ அல்ல. வரைபடத்தில் காணும் சதுரம் படப்புள்ளியின் அளவைக் குறிக்கிறது. எரியும் பரப்பை அல்ல.

### இரண்டும் இருக்கின்றன, இடம் விலகியிருக்கிறது

உயரத்தில் மிதக்கும் பொருளைச் சாய்வாகப் பார்க்கும்போது, அது செயற்கைக்கோளின் நேர்க்கீழ்ப் புள்ளிக்கு எதிர்த்திசையில் தள்ளித் தெரியும். பார்வைக் கோணம் 60 பாகை என்றால், ஐந்து கிலோமீட்டர் உயரத்துப் படலம் ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் விலகும். இதைவிடப் பெரிய விலகல் என்றால் இரண்டு அடுக்குகளின் நேரங்களைப் பாருங்கள்; அநேகமாக அவை வெவ்வேறு மணியில் எடுக்கப்பட்டவை.

குடியிருப்புக்கு அருகே யாரும் அறிவிக்காத தீ ஒன்று தெரிந்தால் மேற்கண்ட எந்தச் சோதனையையும் செய்ய வேண்டாம். முதலில் தீயணைப்புத் துறைக்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள்.

## அறிகுறி 9: கணித்த பாதை படத்தோடு முரண்படுகிறது

ஹைஸ்ப்ளிட் (காற்று வந்த, செல்லும் பாதையைக் கணிக்கும் மென்பொருள்) போன்ற கருவியில் பின்னோக்கிய பாதையைக் கணித்து, அது படத்தில் தெரியும் தோற்றுவாயை விட்டு வேறெங்கோ சென்றால், தொடக்க உயரத்தையே முதலில் ஐயுற வேண்டும். 500, 1,500, 3,000 மீட்டர் என மூன்று உயரங்களில் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். அவற்றில் ஒன்று பெரும்பாலும் படத்தோடு பொருந்தும். உயரம் தரையிலிருந்தா, கடல்மட்டத்திலிருந்தா என்ற தேர்வைச் சரிபாருங்கள். நேரத்தை உலகப் பொது நேரத்தில் கொடுத்தீர்களா என்பதையும் பாருங்கள்.

மலைப்பகுதி என்றால் பரும்படியான காற்றுத் தரவு பள்ளத்தாக்குக் காற்றை அறியாது. நுணுக்கம் மிகுந்த தரவுக்கு மாறுங்கள். அதன் பின்னும் முரண் நீடித்தால் தொடக்கப் புள்ளியைச் சற்றே நகர்த்திப் பல பாதைகளை ஒன்றாக ஓட்டும் வழியைக் கையாளுங்கள். பாதைகள் விசிறிபோல் விரிந்தால் அன்றைய காற்றே உறுதியற்றது. எந்த ஒரு கோட்டையும் சான்றாக நீட்டக் கூடாது. முன்கணிப்புக்கு ஐரோப்பாவின் கேம்ஸ் சேவையும், தூசிக்கு உலக வானிலை அமைப்பின் மணற்புயல், தூசிப்புயல் எச்சரிக்கை வலையமைப்பும் பல மாதிரிகளின் விளைவை வெளியிடுகின்றன. அவற்றோடு உங்கள் படம் முரண்பட்டால், படத்தில் தெரியும் விளிம்பை நம்புங்கள். நாளைய விளிம்புக்கு மட்டும் மாதிரியை நம்புங்கள்.

இன்ன இடத்துப் புகைக்கு இன்னார் பொறுப்பு என்று சட்டத்தின் முன்னோ பொதுவெளியிலோ சொல்ல வேண்டிய நிலை வந்தால், அது வளிமண்டல மாதிரியாக்கத்தில் பயின்றவரின் வேலை. அவரிடம் செல்லும்போது திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷாட்) மட்டும் கொண்டு செல்வதால் பயன் குறைவு. செயற்கைக்கோளின் பெயர், அலைவரிசைகள், உலகப் பொது நேரம், படலத்தின் நான்கு முனைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை, அசைபடத்தில் அளந்த வேகமும் திசையும், நீங்கள் செய்து பார்த்துத் தள்ளிய சோதனைகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, மூலத் தரவுக் கோப்பின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். அந்தக் கோப்பைத் திறந்து அவர் தம் வேலையை உடனே தொடங்கலாம்.